ஏணிச் சின்னத்துப் பொற்கொடி

தொண்ணூற்றாறில் மாநகராட்சித் தேர்தலைப் புரட்டாசி மாதத்தில் வைத்தவர் யாரோ, அவர் நிச்சயமாகப் பிரியாணிக் கடைக்காரர்களுக்கு வேண்டாதவர். கோயமுத்தூரில் பாதிப் பேர் கவிச்சி தொடாத மாதம். எந்தக் கட்சி கூப்பிட்டாலும் தக்காளி சாதம், இல்லையென்றால் தயிர் சாதம். வெறும் தயிர் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு இவ்வளவு ஆவேசமாகக் கோஷம் போட முடியும் என்று அந்த வருசம்தான் நான் தெரிந்துகொண்டேன்.

நான் சுவரில் எழுதுகிறவன். சிக்கந்தர் ஆர்ட்ஸ், கணபதி. என் பெயரில் முன்பு ஒருவன் பாதி உலகத்தைப் பிடித்தானாம். நான் பிடித்ததெல்லாம் காம்பவுண்டுச் சுவர்கள், அதுவும் தேர்தல் முடியும் வரைக்கும். எல்லாக் கட்சிக்கும் எழுதுவேன். காலையில் ஒருவருக்கு 'வெற்றி பெறச் செய்வீர்', மத்தியானம் அவருடைய விரோதிக்கு அதே சுவரின் மறுபக்கத்தில் அதே 'வெற்றி பெறச் செய்வீர்'. என் வாக்கு பலித்திருந்தால் கோயமுத்தூரில் எல்லோருமே கவுன்சிலர்.

எங்கள் வார்டை ஆதிதிராவிடப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். கவுன்சிலர் கனவில் கதர்ச் சட்டை எட்டு தைத்து வைத்திருந்த பவுண்டரி முதலாளி ராசப்பன், பட்டியல் வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், இரும்பு வார்க்க மண்ணில் அச்சு எடுக்கிற மோல்டர் ரவிக்குமாரைக் கூப்பிட்டார். நான் அப்போது பவுண்டரி கேட்டுக்கு உள்ளே 'புகை பிடிக்காதீர்' எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இரும்பு உருக்குகிற உலை ஊருக்கே சேர்த்துப் புகைவிட்டுக்கொண்டிருந்தது.

"ரவி, உம்பட ஊட்டுக்காரி எத்தனாவது படிச்சிருக்குது?"

"எட்டாவதுங்க மொதலாளி."

"போதும் கண்ணு, அதுவே எச்சு. நிக்க வெச்சரலாம். கும்புட்டுட்டு வந்தாப் போதும். மத்ததெல்லாம் நாம் பாத்துக்கலாம்."

அடுத்த நாள் உலைப் பக்கத்துச் சுவரில் நான் அதையே மறுபடி எழுதிக்கொண்டிருந்தபோது, ரவிக்குமாரோடு அவன் மனைவி பொற்கொடியே வந்தாள். அவள் பக்கத்துப் பட்டறையில் கோர் பிடிக்கிறவள். இரும்பு வார்க்கும்போது பம்புக்குள்ளே ஓட்டை விழவேண்டிய இடத்தில் வைக்கிற மண் உருவுக்குப் பெயர் கோர். நாள் முழுக்க ஓட்டைகளைச் செய்கிற வேலை. நகம் வரைக்கும் கருமணல் ஏறிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"நிக்கறனுங்க. பொம்பளைக கக்கூசுச் சாவியைக் குடுத்துப்போடுங்க."

பொற்கொடியின் காலனியில் நூற்று நாற்பது வீடு. மாநகராட்சி கட்டிய பெண்கள் கழிப்பிடம் ஒன்று இருந்தது, ஆறு அறை. மோட்டார் கெட்டுப்போனபோது ராசப்பன் 'நான் ரிப்பேர் பண்ணிக் குடுக்கறேன்' என்று சாவியை வாங்கினார். நான்கு வருசமாக அதற்குள் அவருடைய உலைக்கான கோக் கரி மூட்டைகள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கின்றன. பெண்கள் விடிவதற்கு முன்னால் தண்டவாளத்து ஓரம் போகவேண்டும். ஆடி மாதத்தில், சாரல் அடித்த ஒரு விடியற்காலையில், பொற்கொடியின் தங்கை தேவானை அங்கேதான் ரயிலில் அடிபட்டுப் போனாள். பத்தொன்பது வயசு.

"அதுல கோக் கெடக்குதே அம்மணி," என்றார் ராசப்பன், நிஜமான வருத்தத்தோடு. "மழைக் காலம். நனைஞ்சுபோச்சுன்னா உலை புடிக்காது."

"கரி நனையக்கூடாதுன்னுதானுங்க எங்க தேவானை நனைஞ்சுட்டுப் போச்சு."

ராசப்பன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "செரி, உனக்கு இஷ்டமில்லீன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"இஷ்டமில்லீன்னு ஆருங்க சொன்னா? நான் நிக்கலாம்னு நீங்க சொல்லித்தானுங்க எனக்கே தெரிஞ்சுது. நிக்கறனுங்க. உங்குளுக்கு வேண்டாங்க, எங்குளுக்கு."

எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் உருகிப் பேசுவார்கள். உண்மைதான். கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் 'சித்தெ தலையைத் தூக்கிக் குடுங்க' என்றுதான் கேட்போம். ராசப்பன் இரண்டு பேருக்கும் டீ வரவழைத்தார். அவர்கள் குடிக்கும் வரைக்கும் காத்திருந்தார். அப்புறம் பன்னிரண்டு வருசமாக 'டேய் ரவி' என்று கூப்பிட்டவர், முதல் தடவையாக அவனை 'ங்க' போட்டுப் பேசினார்.

"ரவி, ஊட்டுக்காரி ஜெயிச்சா நானே வந்து மாலை போடறனுங்க. தோத்துப்போச்சுன்னா மட்டும், நீங்களும் இங்க சங்கடத்தோட வேலை செய்ய வேண்டாம். என்ர லைன் ஊட்டையும் காலி பண்ணிக்கலாம். செரிதானுங்களே?"

அந்த 'ங்க'வைக் கேட்டதும் ரவிக்குமார் காலி டம்ளரை மறுபடி வாயில் வைத்தான். நான் 'புகை' என்பதில் 'கை'யை இரண்டு தடவை எழுதிவிட்டேன்.

*

ராசப்பன் தன் மாட்டுச்சாளையில் சாணி வழிக்கிற மாசாணியம்மாளை நிறுத்தினார். அவளும் அதே காலனிதான். கட்சி, கொடி, ஜீப்பு எல்லாம் அவளுக்கு வந்தன. தன் சின்னம் எது என்பதை அவள் என் சுவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். 'நல்லாத்தான் வரைஞ்சிருக்கறீங்க பாய்' என்று பாராட்டிவிட்டுச் சாணிக் கூடையோடு போனாள்.

பொற்கொடிக்குச் சுயேச்சைப் பட்டியலில் ஏணி கிடைத்தது. எனக்கு ரொம்ப வசதி. நெட்டுக்கு ரெண்டு கோடு, குறுக்கே அஞ்சு கோடு. டீக்கடையில் ராசப்பனின் ஆள் மயில்சாமி தினமும் ஒரே கிண்டலைப் புதுசு மாதிரிச் சொன்னான்: "ஏனுங்க பாய், ஏணி வெச்சாலும் எட்டாதுன்னு தெரிஞ்சேதான் ஏணியைக் குடுத்துட்டாங்களாட்டம்!"

பொற்கொடிக்கு எழுதும்போது கூலி வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாக எனக்கு ராத்திரிச் சாப்பாடு போட்டார்கள். உடன்பாட்டில் நஷ்டம் அவர்களுக்குத்தான். நான் சாப்பிடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சின்னம் வருவதற்கு முன்னால், வெறும் பெயரை மட்டும் எழுதிக்கொண்டிருந்த ஒரு நாள் பொழுது சாய்கிற நேரம், நல்ல மழை. லைன் வீட்டின் ஓட்டிலிருந்து மூன்று இடத்தில் ஒழுகியது. மூன்று இடத்திலும் மூன்று பாத்திரம். பொற்கொடி அரிசியும் பருப்பும் சாதத்தை ஆவி பறக்கத் தட்டில் போட்டு, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றினாள். ரவிக்குமார் தட்டைத் தொடவில்லை.

"வாபஸ் வாங்க நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குதாம்," என்றான் தட்டைப் பார்த்தபடி.

"ஆரு சொன்னது?"

"மயில்சாமி."

"அவன் சொன்னா செரியாத்தான் இருக்கும். கெடியாரத்தை வித்துக் குடிச்சவனுக்குத்தான் டைம் நெல்லாத் தெரியும்."

"வெளையாடாத. பன்னண்டு வருசம். வேற பவுண்டரிக்குப் போனா, ராசப்பன் ஒரு போன் போட்டாப் போச்சு. இந்தக் கணபதியில ஒருத்தன் கேட்டைத் தொறக்க மாட்டான். பல்லடத்துல மச்சான்கிட்டப் போயி தறி ஓட்டச் சொல்றியா? எனக்கு நூலுக்கும் கயித்துக்கும் வித்தியாசம் தெரியாது."

பொற்கொடி மூலைப் பக்கம் திரும்பினாள். அங்கே அவர்களுடைய மகள், பதினோரு வயசு இளவேனில், ஒழுகுகிற சொட்டுக்கு நேராகப் பாத்திரத்தை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இவளைப் பாருங்க."

"எதுக்கு?"

"பாருங்கன்னா பாருங்க. இன்னொரு வருசமோ ரெண்டு வருசமோ. அப்பறம் இவளும் வெடியாம எந்திரிச்சு அங்கதான் போகோணும். நீங்க காவலுக்கு வருவீங்களா? வரமுடியுமுங்களா? தேவானை போன அன்னைக்கு அந்தச் சேலையை எடுத்தாந்தது நானுங்க. நீங்க ஆம்பளைகெல்லாம் அக்கட்ட நின்னுட்டீங்க. மரியாதைக்கு."

வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி ஆளைக் கலகலப்பாக்குவேன். அன்றைக்கு என் வாயில் சோறு இருந்தது, நல்லவேளை.

ரவிக்குமார் தட்டை இழுத்தான். பாதி தின்றான். அப்புறம் என்னைப் பார்த்து, "நாளைக்கு எந்தச் செவுருங்க பாய்?" என்றான்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் அவன்தான் எனக்குச் சுண்ணாம்பு வாளி தூக்கினான். உலைச் சூட்டில் வெந்த கை சுண்ணாம்பில் எரியும். ஊதிக்கொண்டே தூக்குவான். நாங்கள் எழுதுவதும், மழை வந்து கழுவுவதும், மறுபடி எழுதுவதுமாகப் பத்து நாள். மழைக்கு எந்தக் கட்சி என்று கடைசி வரை தெரியவில்லை. எல்லாரையும் அழித்தது.

*

ஓட்டுக்கு மூன்று நாள் முன்னால் காலனிப் பெண்கள் எல்லோரும் மாரியம்மன் கோயில் மைதானத்தில் கூடினார்கள். பவுண்டரியில் மணல் சலிக்கிறவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், மில்லில் கழிவுப் பஞ்சு பொறுக்குகிறவர்கள். பாதிப் பேருக்கு ஓட்டுப் போட்டே பழக்கம் கிடையாது. போனாலும் 'உங்க ஓட்டு ஆயிப்போச்சு, போங்க' என்று அனுப்பிவிடுவார்கள். எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டாள் பொற்கொடி. எழுத்து தெரிந்தவன், விரலில் எப்போதும் மை இருப்பவன், வேறு யார்?

ஓட்டுச் சீட்டு மாதிரியே பெரிய அட்டையில் வரைந்து கொண்டுபோனேன். ஏழு வேட்பாளர், ஏழு சின்னம், நான்காவது ஏணி. எல்லாம் சரி. குத்துவதற்கு முத்திரைதான் இல்லை. கட்சிக்காரர்களிடம் பழகுவதற்கென்று மாதிரி முத்திரை இருந்தது. எங்களுக்கு யார் தருவார்கள்? நீல மைப் பேடை எடுத்து நீட்டினேன்.

"முத்திரை இல்லீங்க. சும்மா பழகறதுக்குத்தானே. கட்டை வெரலை மையில தொட்டு, ஏணி மேல வைங்க பாக்கலாம்."

அதற்கு அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கூலிச் சீட்டில் வைக்கிற விரல். ரேசன் கடையில் வைக்கிற விரல். வரிசையாக வந்து ஏணி மேல் வைத்தார்கள். ஒருத்தியும் தவறவில்லை. நான் பெரிய வாத்தியார் மாதிரி 'சபாஷ்' போட்டேன்.

மணல் சலிக்கிற மாராத்தாள் மட்டும் விரலை மையில் வைத்தபடி நின்றாள். ஐம்பது வயசு இருக்கும். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்கிற மனுஷி.

"ஏனுங்க பாய், நாங்க ஏணியில குத்திப்போட்டு வந்தறோம். பொறகால அவுங்க அதை எடுத்து மாத்திப்போட்டா? அவுங்ககிட்ட ஆபீசரெல்லாம் இருக்கறாங்க."

எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பயம்தான் எல்லோருக்கும் இருந்தது. எனக்கு நாலு பேர் பார்த்தால் நாக்கில் சனி உட்கார்ந்துவிடும்.

"முத்திரையை வேணா மாத்துவானுங்க மாராத்தாக்கா. உங்க கட்டை வெரல் ரேகையை எவன் மாத்துவான்? ராசப்பன் ராத்திரியெல்லாம் உக்காந்து மணல் சலிச்சாலும் அந்த வெரலு அவருக்கு வராது!"

மைதானமே சிரித்தது. மாராத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். 'ஆமாங், அதென்னமோ நெசந்தான்' என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. அதற்கு அடுத்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டும்: 'ஆனா அங்க முத்திரையிலதான் குத்தோணும்' என்று. சொல்வதற்கு முன்னால் டீ வந்துவிட்டது. டீயைப் பற்றியும் ஒரு வேடிக்கை சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள்.

*

எண்ணிக்கை ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. பொற்கொடிக்கு ஏஜென்டாக நான் உள்ளே. அவள் என் பக்கத்தில், கழுத்து வரைக்கும் முந்தானையை இழுத்து மூடி. வெளியே தூறலில் ரவிக்குமார்.

இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டுப் போட்டு வைத்தார்கள். காலையில் மாசாணியம்மாள் முன்னால் போனாள். மத்தியானம் காலனிப் பெட்டிகளைப் பிரித்ததும் ஏணி ஏறத் தொடங்கியது. மயில்சாமி வேர்த்துப்போய் இரண்டு தடவை வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்தான். பொற்கொடி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது அவளுக்கே தெரியாது.

எண்ணிய டீச்சரம்மா ஒரு சீட்டைப் பிரித்தார். பார்த்தார். செல்லாத ஓட்டுத் தட்டில் போட்டார். அடுத்ததையும் போட்டார். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க ஏணிக்கு ஏஜென்டா? இதைப் பாருங்க."

ஏணி மேல் ஒரு கட்டை விரல் ரேகை. கச்சிதமாக, நடுப்படியில். கோடு கோடாக, மணல் அரித்த தழும்போடு.

"ஏணிக்குத்தானுங்களே மேடம் வெச்சிருக்குது. தெளிவா இருக்குதே."

"தெளிவா இருக்கறதுதாங்க தப்பு. முத்திரையிலதான் குத்தணும். ரேகை வெச்சா ஓட்டுப் போட்டது யாருன்னு தெரிஞ்சுபோகும். செல்லாது. உள்ள வரும்போது சீட்டைக் கிழிக்கற புத்தகத்து அடிக்கட்டையில வாங்கற ரேகை வேற, இது வேற." டீச்சரம்மா கோபக்காரர் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். "யாருங்க இவங்களுக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது? கூடவே குடுத்த மேயர் சீட்டுல எல்லாரும் ஒழுங்கா முத்திரை குத்தியிருக்காங்களே."

அதுதான் எனக்கு அடி விழுந்த இடம். முத்திரை அங்கேயே இருந்திருக்கிறது. யாரென்றே தெரியாத மேயருக்கு அதை எடுத்துக் குத்தியிருக்கிறார்கள். பொற்கொடிக்கு மட்டும், யாராலும் மாற்றமுடியாத ஒன்றாக இருக்கட்டும் என்று, முத்திரை மையிலேயே விரலைத் தொட்டு வைத்திருக்கிறார்கள்.

பேசிப் பார்த்தேன். மேலதிகாரி வந்தார். புத்தகத்தைக் காட்டினார். அறுபத்தொரு சீட்டு. அறுபத்தொரு விரல். மாசாணியம்மாள் முப்பத்தேழு ஓட்டில் ஜெயித்தாள்.

பொற்கொடி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன், எனக்குப் பதில்களுக்குப் பஞ்சமில்லை.

"நான்தான் அம்மணி..." என்றேன்.

"தெரியுதுங்க பாய்." சட்டைக் கையை விட்டாள். "இது மாராத்தாக்கா வெரலு பாருங்க. பாதி நகமில்லாதது. சல்லடை புடிச்சது." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வெளிய இதைச் சொல்லாதீங்க. அவுங்குளுக்குத் தெரிஞ்சா, தாங்கதான் கெடுத்துப்போட்டோம்னு அதையே நெனைச்சுட்டுக் கெடப்பாங்க. மறுக்கா ஓட்டுப் போடற பக்கமே வரமாட்டாங்க."

"அப்ப என்னன்னு சொல்றது?"

"ஓட்டுப் பத்துலீன்னு சொல்லிக்கலாம்."

*

சாயங்காலம் ஊர்வலம். ஜீப்பில் ராசப்பன் எட்டாவது கதர்ச் சட்டையில் நின்று கும்பிட்டுக்கொண்டு வந்தார். முன்சீட்டில் மாசாணியம்மாள், மாலைக்குள் கண் மட்டும் தெரிய, யாரோ தொலைந்துபோன சாமான் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கழிப்பிடத்தைத் தாண்டும்போது மட்டும் திரும்பிப் பார்த்தாள். அதன் கதவில் நான்தான் பெரிய எழுத்தில் அவளுடைய பெயரை எழுதியிருந்தேன்.

மறுநாள் விடியலில், எழுதிய சுவர்களைச் சுண்ணாம்படித்து அழிக்கிற வேலை எனக்கு. தண்டவாளத்துப் பக்கத்திலிருந்து பெண்கள் குளிரில் ஒடுங்கித் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் கவுன்சிலரும் வந்தாள், கையில் சொம்போடு. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மரியாதைக்கு.

ராசப்பன் சொன்ன சொல் தவறாதவர். திங்கட்கிழமை காலையில் ரவிக்குமாருக்கு டீ வாங்கிக் கொடுத்து, 'ங்க' போட்டு, கணக்கு முடித்து அனுப்பினார். வியாழக்கிழமை பல்லடத்திலிருந்து மச்சான் ஒரு டெம்போவை அனுப்பினான்.

காலனியே வந்து சாமான் ஏற்றியது. கட்டில், அண்டா, இளவேனிலின் புத்தகப் பை, ஒழுகலுக்கு வைத்த மூன்று பாத்திரம். ரவிக்குமார் கயிற்றை இழுத்துக் கட்டினான். முடிச்சு நிற்கவில்லை. நான் உதவிக்குப் போனேன், எனக்கும் நிற்கவில்லை. "தறிக்குப் போறவனுக்கு முடிச்சுப் போடத் தெரியலியே," என்று நான் சொன்னதற்கு அவன் மட்டும் சிரித்தான், என் மனசு நோகக்கூடாது என்பதற்காக.

பொற்கொடி இளவேனிலைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டுத் தானும் ஏறினாள். மாராத்தாள் டெம்போ ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். வேலைக்கு நடுவில் ஓடி வந்திருந்தாள், புருவமெல்லாம் கருமணல்.

"ஏங் கண்ணு, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என்ர ஓட்டை எண்ணுனாங்களா?"

பொற்கொடி என்னைப் பார்க்கவில்லை. "எண்ணுனாங்கக்கா. உங்குளுதை என்ர கண்ணாலயே பாத்தேன்."

"நெசமாலுமா?"

"நெசமாலுமேதான். நகமில்லாத வெரலு, எனக்குத் தெரியாதா?"

மாராத்தாள் முகம் மலர்ந்துபோனது. சுற்றி நின்றவர்களைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள். "நாந்தான் சொன்னனே! மாத்த முடியாதுன்னு பாய் அன்னைக்கே சொன்னாரு." பிறகு முகம் சுருங்கியது. "அப்பறம் எப்படிக் கண்ணு தோத்துப்போனோம்?"

"பத்துலீங்கக்கா."

மாராத்தாள் யோசித்தாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினான். அவள் ஜன்னலை விடாமல் கூடவே நாலு எட்டு நடந்தாள்.

"அடுத்த வாட்டி நீ நில்லு சாமி. நிக்கோணும். நாங்க எல்லாரும் ரெண்டு கை வெரலையும் வெச்சுப்போடறோம்."